ரெண்டரை இஞ்சு

எங்கள் தெருவில் யாருக்கு எவ்வளவு இடுப்பு என்று தெரிந்த ஒரே ஆள் தையல்கார அக்காதான். தெரியும், ஆனால் வாயைத் திறக்க மாட்டார். கல்யாணத்துக்கு முன் இருந்த அளவு, பிள்ளை பெற்ற பிறகு ஆன அளவு, ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த தபால்காரருக்குப் புதிதாக வந்த தொப்பையின் அளவு எல்லாம் பச்சை அட்டை போட்ட ஒரு நீள நோட்டில் பத்திரமாக இருந்தன. அந்த அளவு நோட்டின் மேல் எப்போதும் பெரிய இரும்புக் கத்தரிக்கோலை வைத்திருப்பார். அதை நகர்த்திப் பார்க்கத் தெருவில் ஒருவருக்கும் தைரியம் கிடையாது.

வீட்டின் முன்னறைதான் கடை. இரண்டு மிஷின், ஒரு வெட்டுப் பலகை, ஆளுயரக் கண்ணாடி, உடை மாற்றத் திரை போட்ட ஒரு மூலை. சுவரில் சட்டம் போட்டு மாட்டிய ஒரு சான்றிதழ். மகள் பாலத்துக்கு அப்பால் உள்ள பெரிய பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு சேர்ந்த இரண்டாவது மாதமே வாங்கி வந்தது. மதிய இடைவேளை முழுவதையும் நூலகத்தில் கழிக்கும் சிறந்த வாசகர் என்று அதில் எழுதிப் பள்ளி முத்திரையும் குத்தியிருந்தது. வருகிறவர்களை எல்லாம் அக்கா அந்தச் சுவரைப் பார்க்கத் திருப்பி நிறுத்திவிட்டுத்தான் முதுகளவு எடுப்பார். யாராவது படிக்காமல் நின்றால் அளவெடுத்து முடியாது.

மகளை எல்லாரும் பட்டன் என்றுதான் கூப்பிடுவோம். ஒன்றரை வயதில் நாலு துளை நீலப் பட்டன் ஒன்றை முழுங்கிவிட்டு இரண்டு நாள் வீட்டையே ஆட்டி வைத்தவள். அப்பா ரொட்டித் தொழிற்சாலையில் அடுப்படி வேலை. விடிவதற்கு முன் போய்ப் பதினோரு மணிக்குத் திரும்புவார். பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் இறங்கும்போது பசியோடு இறங்குவார்கள் என்று அவரே சொல்லிக்கொள்வார். அவருக்கு ரொட்டிக்காரர் என்று பெயர் வைத்தது நாங்கள்தான்.

அந்த அளவு நோட்டில் ஒரே ஒரு ஆளுக்குப் பக்கம் கிடையாது. அது பட்டன். "சொந்தப் புள்ளைக்கு டேப் எடுத்தா நான் என்ன தையல்காரி?" என்பார் அக்கா. கண்ணளவு. பதினாறு வருஷமும் கண்ணளவில்தான் தைத்துப் போட்டார். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை, அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

மழை பிடித்துக்கொண்ட மாதம் அது. பள்ளியில் பண்பாட்டு நாள் என்று அறிவித்திருந்தார்கள். இந்த ஊருக்கு எல்லாரும் எங்கிருந்தோ வந்தவர்கள்தான். மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஆலை வேலைக்கு வந்தவர்கள், ஆற்றங்கரையிலிருந்து செங்கல் சூளைக்கு வந்தவர்கள், கடலோரத்திலிருந்து ஏன் வந்தோம் என்றே தெரியாமல் வந்து சேர்ந்த எங்களைப் போன்றவர்கள். ஒவ்வொரு மாணவரும் தம் மக்களின் உடையில், தம் வீட்டுச் சாப்பாட்டோடு வர வேண்டும், மேஜைக்கு ஒரு கொடி, வருகிறவர்கள் ஒவ்வொரு ஸ்பூனாக ருசி பார்ப்பார்கள் என்று சுற்றறிக்கை. அதன் பலன் அக்காவின் வெட்டுப் பலகையில் மலையாக ஏறியது. பன்னிரண்டு மடிப்புப் பாவாடை, கழுத்தே இல்லாத சட்டை, தையலே போடாமல் சுற்றிக்கொள்ள வேண்டிய ஏழு முழத் துணிக்குக் கரை மட்டும் அடிப்பது என்று விதவிதமாக வந்தன. மழையில் எதுவும் காயவில்லை. அறை முழுக்கக் கயிறு கட்டி, இஸ்திரிப் பெட்டியைக் காய வைத்துக்கொண்டே இருந்தார்கள்.

"யாரு மறுபடியும் மிஷின்ல தையல் நீளத்தை மாத்தி வச்சது?" என்று அன்று காலையிலேயே ஆரம்பித்தார் அக்கா.

காஜா சித்தி ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பட்டன் துளைகளுக்குக் காஜா எடுப்பதும் கை ஹெம்மிங்கும் அவர் வேலை. அக்காவுக்குத் தூரத்துச் சொந்தம், பக்கத்துப் பேச்சு. "என்னை ஏன்டி பாக்கறே? நான் மிஷின்ல உட்கார்ந்து மூணு வருஷமாச்சு. முட்டி ஒத்துக்கல."

"பின்னே மிஷின் தானே திருகிக்கிச்சா?"

"எலியா இருக்கும்."

"எலி வந்து மூணுல இருந்ததை ரெண்டுக்குத் திருப்பி வச்சிட்டுப் போச்சாக்கும்."

"இந்த வீட்டு எலி இல்லியா. தொழில் ஒட்டிக்கிட்டிருக்கும்."

திரைக்குப் பின்னாலிருந்து பட்டன் வந்தாள். அக்கா அவளுக்கென்று தைத்திருந்த கடலோரத்துப் பாவாடை. தண்ணீரில் நின்று வேலை செய்ய வசதியாகக் கணுக்காலுக்கு மேலே நிற்கும், இடுப்பில் அகலப் பட்டி. அவள் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இது நிக்கல."

"நிக்காமே எங்கே போகும்? கையை எடு."

கையை எடுத்தாள். பாவாடை நழுவி இடுப்பெலும்பில் தொங்கியது. பட்டிக்கும் வயிற்றுக்கும் நடுவில் ஒரு முஷ்டியே போகும்.

"தப்பா வெட்டிட்டே போல," என்றாள் பட்டன், ரொம்ப சாதாரணமாக.

காஜா சித்தி ஊசியைக் கீழே போட்டுவிட்டார். பதினெட்டு வருஷத் தொழிலில் அக்காவைப் பார்த்து இந்த வார்த்தையை யாரும் சொன்னதில்லை.

பட்டன் உள்ளே போய் யூனிஃபார்மை மாட்டிக்கொண்டு வந்தாள். அது அச்சில் வார்த்த மாதிரி உட்கார்ந்திருந்தது. "பாரு, இது சரியாத்தானே இருக்கு. அது மட்டும்தான் தப்பு. விடும்மா, நான் எப்படியும் அன்னிக்குப் போகப் போறதில்ல."

"போகாமே?"

"போகல. அவ்வளவுதான்." டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு, குடையை விரித்துக்கொண்டு, பேச்சை முடித்துவிட்டுப் போய்விட்டாள்.

அக்காவுக்கு மகள் போக மாட்டேன் என்றது காதில் ஏறவில்லை. தப்பாக வெட்டியதுதான் மண்டைக்குள் குடைந்தது. வெட்டிய காகிதத்தை எடுத்துப் பார்த்தார். சரியாக இருந்தது. பள்ளி திறந்தபோது பட்டனுக்கு யூனிஃபார்ம் தைத்த அதே காகிதம். பிறகு எப்படி இது நழுவும், அது உட்காரும்? கொடியில் காய்ந்துகொண்டிருந்த இரண்டாவது யூனிஃபார்மை இழுத்துப் பலகையில் போட்டு, உள்பக்கம் வெளியே வருமாறு புரட்டினார்.

பக்கத் தையலில் அவர் போட்ட வரி ஒன்று இருந்தது. அதற்கு உள்ளே இன்னொரு வரி. அதற்கும் உள்ளே இன்னொன்று. அதற்கும் உள்ளே இன்னொன்று. அக்கா எந்தத் தையலையும் முன்னும் பின்னும் ஓட்டி இறுக்கித்தான் முடிப்பார். இந்த மூன்று வரிகளின் முனையிலும் நூலை இழுத்து இரண்டு முடிச்சு போட்டிருந்தது. எட்டு வயதில் மிஷினில் உட்கார அடம்பிடித்த பிள்ளைக்கு, பின்னால் ஓட்டத் தெரியாது என்று, முடிச்சுப் போட்டுக்கோ போதும் என்று சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். தையல் பொடிப்பொடியாக, ரெண்டாம் நம்பரில் விழுந்திருந்தது.

அக்கா டேப்பை வைத்து அளந்தார். மறுபடி அளந்தார். மொத்தம் ரெண்டரை இஞ்சு.

தையல்காரர்கள் ஆளைப் பார்ப்பதில்லை. துணி ஆளின் மேல் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்றுதான் பார்ப்பார்கள். துணி சரியாக இருந்தால் ஆளும் சரியாக இருப்பதாகவே அவர்களுக்குத் தோன்றும். வேறு எந்தத் தாயும் கன்னத்தைப் பார்த்திருப்பாள், கையைப் பார்த்திருப்பாள். அக்கா தினமும் காலையில் மகளின் இடுப்பைப் பார்த்தார், சுருக்கமில்லாமல் இருக்கிறது என்று திருப்திப்பட்டார். அதைத் தெரிந்துதான் அவள் துணியை அங்கேயே உள்ளே பிடித்துத் தைத்திருக்கிறாள்.

"சித்தி," என்றார். "எலியைக் கண்டுபிடிச்சிட்டேன்."

பதினோரு மணிக்கு ரொட்டிக்காரர் வந்தபோது இரண்டு பெண்களும் வேலை செய்யாமல் உட்கார்ந்திருந்தார்கள். அந்த வீட்டில் அதைவிட பயங்கரமான காட்சி கிடையாது.

"யாருக்கு என்னாச்சு?"

அக்கா யூனிஃபார்மை அவர் மடியில் போட்டார். அவருக்குத் தையல் தெரியாது. விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது. புரிந்ததும் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"டப்பா காலியாத்தானே வருது?"

"கழுவியே கொண்டு வர்றா. பொறுப்பான பொண்ணுன்னு நான் பெருமைப்பட்டுக்கிட்டேன்."

"ராத்திரி சாப்பிடறாளே."

"என்ன சாப்பிடறா? படிக்கணும்னு தட்டைத் தூக்கிட்டு உள்ளே போறா. நீங்க எட்டு மணிக்கே படுத்துடறீங்க. எனக்கு மிஷின். யாரு பார்த்தோம்?"

"திட்டாதே அவளை," என்றார் ரொட்டிக்காரர்.

"திட்டறதா? எனக்கு என்னையே ரெண்டு அறை விட்டுக்கணும் போல இருக்கு."

நாலு மணிக்கு நனைந்துகொண்டு வந்த பட்டன், பலகையில் உள்பக்கம் தெரியக் கிடந்த யூனிஃபார்மைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள். பொய் சொல்லலாமா என்று ஒரு நொடி யோசித்தது முகத்தில் தெரிந்தது. தையல் சாட்சியாகக் கிடக்கும்போது என்ன பொய் சொல்ல முடியும்? வந்து முக்காலியில் உட்கார்ந்தாள்.

"முதல் மாசம்," என்றாள். "நீ மீன் பொரிச்சு வச்சிருந்தே. டப்பாவைத் தொறந்தேன். எதிர்ல இருந்த ஒருத்தி எழுந்து போய் ஜன்னலைத் தொறந்தா. 'நம்ம பெஞ்சுல யாரோ செத்துட்டாங்கடி'ன்னு சொன்னா. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்."

"நீ ஏன் சிரிச்சே?" என்றார் காஜா சித்தி.

"எல்லாரும் சிரிக்கறப்ப நான் மட்டும் அழ முடியுமா சித்தி? மறுநாள் வெறும் ரொட்டி எடுத்துட்டுப் போனேன். 'ஐயோ, வீட்டுல ஒண்ணும் இல்லையா'ன்னு கேட்டாங்க. அதுக்கப்புறம் அந்த ஹாலுக்கே போகல. லைப்ரரிக்குப் போயிடுவேன்."

மூன்று பேரின் கண்ணும் ஒன்றாகச் சுவருக்குப் போனது. சிறந்த வாசகர் சட்டத்துக்குள் பளபளத்துக்கொண்டிருந்தார்.

"டப்பாச் சோறு?"

"சைக்கிள் ஷெட் பின்னாடி ஒரு நாய் இருக்கும்மா. அதுக்கு."

"தினமுமா?"

"தினமும். இப்ப அதால ஓட முடியல. அவ்வளவு குண்டாயிடுச்சு."

ரொட்டிக்காரர், "அதுக்காவது உங்கம்மா கைப்பக்குவம் தெரிஞ்சிருக்கு," என்றார். பட்டனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்க ஆரம்பித்தவள் பாதியில் அழத் தொடங்கி, அழுகையை நிறுத்த முடியாமல் அம்மாவின் மடியில் முகத்தை வைத்துக்கொண்டாள். அக்கா அவள் முதுகைத் தடவினார். பதினாறு வருஷத்தில் முதல் தடவையாகத் துணியை விட்டுவிட்டு எலும்பைத் தொட்டார். எண்ண முடிந்தது.

"என்னைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்திடும்மா," என்றாள் மடிக்குள்ளிருந்து. "நான் சித்திகூட உட்கார்ந்து காஜா எடுக்கறேன்."

"என் இடத்துக்கு இப்பவே ஆள் தேடறாளா?" என்றார் காஜா சித்தி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"அந்தப் பண்பாட்டு நாளுக்கு மட்டும் எல்லாரும் வந்து, ஆஹான்னு ஒரு ஸ்பூன் வாயில போட்டுப்பாங்க. போட்டோ எடுப்பாங்க. மறுநாள் மறுபடி ஜன்னலைத் தொறப்பாங்க. எனக்கு அந்த ஒரு நாள் வேணாம்மா. நான் ஒருத்தி மட்டும் இல்ல. லைப்ரரியில ஆறு பேர் இருக்கோம். யாரும் யார்கிட்டேயும் பேச மாட்டோம். ஆளுக்கொரு புஸ்தகத்தை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்போம்."

"யார் யாரு?"

மலைக்காரர் வீட்டுப் பெண் ஒருத்தி, சூளைத் தெருவிலிருந்து அக்கா தங்கை இருவர், இன்னும் இருவர் என்று பட்டன் சொல்லச் சொல்ல, அக்காவின் கை தானாகக் கத்தரிக்கோலை நகர்த்தியது. அளவு நோட்டைப் புரட்டினார். ஐந்து பேரும் அவரிடம் தைத்தவர்கள், பண்பாட்டு நாள் உடைக்கும் போன வாரம் அளவு கொடுத்தவர்கள். நாலு பேர் நடுவில் வந்து யூனிஃபார்மைப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். "இப்ப டைட்டாப் போடறதுதான் ஃபேஷன் ஆன்ட்டி" என்று ஒவ்வொருத்தியும் சொன்னதும், இந்தக் காலத்துப் பிள்ளைகள் என்று தான் சிரித்ததும் நினைவுக்கு வந்தது. நாலு பேருக்கும் சேர்த்து அவரே பிடித்துக் கொடுத்திருக்கிறார்.

"பள்ளிக்கூடத்தை நிறுத்தற பேச்சே கிடையாது," என்றார் அக்கா. எழுந்து டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டார். அவர் டேப்பைக் கழுத்தில் போட்டுவிட்டால் அப்புறம் யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. "நான் வந்து பேசறேன்."

"என் பேரைச் சொல்லக் கூடாது."

"இடுப்பளவை வெளியே சொல்லியா நான் இவ்வளவு வருஷம் கடை நடத்தறேன்?"

மறுநாள் காலை முதலில் மருத்துவமனைக்குப் போனார்கள். ரத்தம் குறைவு, மூன்று வேளையும் சாப்பிட்டால் தேறிவிடும் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். மகளை வகுப்பில் விட்டுவிட்டு அக்கா நேராக மாணவர் நல ஆசிரியையின் அறைக்குப் போனார். எதிரில் வருகிறவர்களை எல்லாம் நலமா நலமா என்று விசாரிப்பதால் பிள்ளைகள் அவருக்கு நலமா டீச்சர் என்று பெயர் வைத்திருந்தார்கள். இளம் வயசு, நல்ல மனசு. அறைச் சுவரில் சிரிக்கும் முகங்கள் வரைந்த சுவரொட்டிகள்.

"வாங்கம்மா. மேஜைக் கொடிங்க தைக்கறதைப் பத்திப் பேச வந்தீங்களா?"

அக்கா பழுப்புக் காகிதம் ஒன்றை விரித்தார். துணி வெட்டும் காகிதம். அதில் பெயரில்லாமல் ஆறு வரி, வரிக்கு இரண்டு மூன்று எண்.

"பள்ளி திறந்தப்ப, நடுவுல, இப்ப. ஆறும் உங்க புள்ளைங்க. இடுப்பளவு."

டீச்சர் முதலில் புரியாமல் பார்த்தார். பிறகு ஒவ்வொரு வரியாக விரலை வைத்து இறங்கினார். "போன மாசம்தான் ஒரு சர்வே எடுத்தோம். நூத்துக்குத் தொண்ணூத்தி ரெண்டு பேர் பள்ளிக்கூடத்துல சந்தோஷமா இருக்கேன்னு எழுதியிருக்காங்க."

"எங்க வீட்டுப் புள்ளையும் அப்படித்தான் எழுதியிருக்கும். பேப்பர்ல என்ன வேணா எழுதலாம் டீச்சர். டேப் அதெல்லாம் கேக்காது."

"யார் யாரும்மா இவங்க?"

"பேர் கேக்காதீங்க. சொன்னேன்னா நாளைக்கு ஒருத்தியும் என் முன்னாடி கையைத் தூக்கிக்கிட்டு நிக்க மாட்டா. ஆனா மத்தியானம் லைப்ரரிக்குப் போய்ப் பாருங்க. யாரெல்லாம் சாப்பிடாமே படிக்கறாங்கன்னு தெரியும்."

டீச்சரின் முகம் வெளுத்தது. "அவங்களுக்கு நான் சான்றிதழ் குடுத்தேனே."

"நான் அதைச் சட்டம் போட்டு மாட்டினேனே," என்றார் அக்கா. "ரெண்டு பேரும் சேர்ந்துதான் செஞ்சிருக்கோம்."

அதன் பிறகு அவர்கள் ஒரு மணி நேரம் பேசினார்கள். கமிட்டி போடலாம், கூட்டம் நடத்தலாம், ஒரு உரை நிகழ்த்தச் சொல்லலாம் என்று டீச்சர் ஒவ்வொன்றாகச் சொன்னார். அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்த ஹால் ஜன்னலை எல்லாம் ஏன் மூடி வச்சிருக்கீங்க?" என்றார்.

"மழை சாரல் அடிக்குதுன்னு..."

"சாரல் அடிச்சா துடைச்சுக்கலாம். சாப்பாட்டு மணிக்கு முன்னாடியே எல்லா ஜன்னலையும் தொறந்து வையுங்க. அப்ப ஒருத்தி டப்பா தொறந்தான்னு இன்னொருத்தி எழுந்து போக வேண்டியதில்லை. டீச்சருங்க எல்லாம் எங்கே சாப்பிடறீங்க?"

"ஸ்டாஃப் ரூம்ல."

"கதவைச் சாத்திக்கிட்டுத்தானே?"

டீச்சர் தலையாட்டினார்.

"நீங்களும் ஹால்லயே சாப்பிடுங்க. உங்க வீட்டு வாசனையும் கொஞ்சம் வரட்டும். அப்புறம் அந்த மேஜைக் கொடி, ஸ்பூன் எல்லாம் வேணாம். ஒவ்வொரு வாயா ருசி பார்க்க இதென்ன கண்காட்சியா? அவங்கவங்க தட்டு நிறையப் போட்டு உட்கார்ந்து சாப்பிடட்டும். பக்கத்துல இருக்கறவ கேட்டா குடுக்கட்டும். கேக்கலேன்னா வயிறு நிறைஞ்சதுன்னு எழுந்து வரட்டும். எனக்குக் கொடி தைக்கற வேலையும் மிச்சம்."

இரண்டாவது நாளே ஜன்னல்கள் திறந்தன. தலைமை ஆசிரியர் அரை மனதோடுதான் ஹாலுக்கு வந்தாராம். அவர் டப்பாவைத் திறந்ததும் பூண்டு மணம் மூன்று பெஞ்சு தாண்டிப் போயிற்று, ஒரு பிள்ளையும் மூச்சு விடவில்லை. ஆனால் அந்த ஆறு பேரும் ஹாலுக்கு வரவில்லை. அவர்களைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு பெஞ்சில் உட்கார வைக்கலாமா என்று டீச்சர் கேட்டனுப்பினார். "ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருக்கும்," என்றாள் பட்டன். "நான் பாத்துக்கறேன்."

அவள் பார்த்துக்கொண்டது இப்படி. நூலகத்தில் எதிரில் உட்கார்ந்திருந்த மலைக்காரப் பெண்ணின் சட்டை விளிம்பைப் பார்த்துவிட்டு, புத்தகத்தின் மேலிருந்து தலையை நீட்டி, "உன்னுது எங்கம்மா புடிச்சது. என்னுது நானே புடிச்சது," என்றாள். அந்தப் பெண்ணுக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. பிறகு புரிந்தது. இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததில் நூலகர் எழுந்து வந்தார். மற்ற நாலு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். மூன்று மாதமாக ஒரே மேஜையில் பட்டினி கிடந்தவர்கள் அன்றுதான் முதல் முதலாக ஒருத்தி பெயரை ஒருத்தி கேட்டுக்கொண்டார்கள். நூலகர் வெளியே போங்கள் என்றார். போனார்கள். மழை பெய்ததால் போவதற்கு ஹாலைத் தவிர வேறு இடம் இல்லை.

அந்த வாரக் கடைசியில், அக்கா கடையில் ஒரு பெண் அளவு சரிபார்க்க வந்தாள். நெட்டையான, கலகலப்பான பெண். பன்னிரண்டு மடிப்புப் பாவாடை அவளுடையது. கண்ணாடி முன்னால் நின்றவள் மூக்கை உறிஞ்சினாள்.

"என்ன ஆன்ட்டி வாசனை? பசியைக் கிளப்புது."

"உள்ளே மீன் பொரியுது."

"சூப்பர்."

முக்காலியில் உட்கார்ந்து வேறொரு பாவாடை விளிம்புக்கு ஹெம்மிங் போட்டுக்கொண்டிருந்த பட்டனின் கை நின்றது. அக்கா மகளின் முகத்தைப் பார்த்தார், இவள்தான் அந்த ஜன்னல்காரி என்று தெரிந்துகொண்டார். வாயில் ஏழெட்டு குண்டூசி இருந்தது. அத்தனையையும் எங்கே குத்தலாம் என்று அவருக்கு நன்றாகவே தெரியும். ஆனால் பேர் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார். குண்டூசிகளைக் கடித்துக்கொண்டு நின்றார்.

பட்டன் எழுந்து உள்ளே போனாள். ஒரு தட்டில் இரண்டு துண்டு மீனைக் கொண்டு வந்து நீட்டினாள். ஜன்னல்காரி பாவாடையோடு நின்றபடியே ஒன்றைத் தின்றாள், இரண்டாவதையும் எடுத்தாள்.

"இதேதான் அன்னிக்கு என் டப்பாவுல இருந்தது," என்றாள் பட்டன். "யாரோ செத்துட்டாங்கன்னு சொன்னியே, அது."

ஜன்னல்காரி மெல்லுவதை நிறுத்தினாள். "அது சும்மா ஜோக்குடி."

"ஜோக்குதான். தெரியும்." பட்டன் கொடியிலிருந்து யூனிஃபார்மை எடுத்து உள்பக்கம் திருப்பிக் காட்டினாள். மூன்று வரி, மூன்று ஜோடி முடிச்சு. "அந்த ஜோக்கோட அளவு ரெண்டரை இஞ்சு."

மிஷின் நின்றிருந்தது. ஜன்னல்காரி மூன்று வரிகளையும் விரலால் தொட்டுப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"நானும் இந்த வருஷம்தான் புதுசா வந்தேன்," என்றாள். "ஏதாவது சொல்லி எல்லாரையும் சிரிக்க வச்சாத்தான் பக்கத்துல உட்கார வச்சுப்பாங்கன்னு நெனச்சேன். நீயும் சிரிச்சியேடி."

"சிரிச்சேன். அது என் தப்பு. இனிமே சிரிக்க மாட்டேன், கேட்டுக்கோ."

"சரி."

"நேராத் திரும்பி நில்லும்மா," என்றார் அக்கா, வாயிலிருந்து குண்டூசிகளை எடுத்துவிட்டு. "இன்னொரு துண்டு வேணுமா?"

"வேணும் ஆன்ட்டி," என்றாள் அவள், அழுதுகொண்டே.

பண்பாட்டு நாளன்று காலை, பாவாடையை அரை மணி நேரத்தில் பிடித்துக் கொடுத்துவிடுகிறேன் என்று அக்கா மிஷினில் உட்கார்ந்தார். "புடிக்காதேம்மா," என்றாள் பட்டன். "ஊக்கு குத்திக்கறேன். மறுபடி பிரிக்கற வேலை எதுக்கு?" இடுப்பில் இரண்டு ஊக்கைக் குத்திக்கொண்டு, மூன்றடுக்கு டப்பாவைத் தூக்கிக்கொண்டு போனாள். ரொட்டிக்காரர் தொழிற்சாலையில் அனுமதி வாங்கிப் பெரிய கூடை நிறைய ரொட்டி எடுத்துக்கொண்டு போனார். நாங்கள் தெருவோடு போயிருந்தோம். கொடி இல்லை, ஸ்பூன் இல்லை. முந்நூறு பிள்ளைகள் விதவிதமான உடையில் நீளப் பெஞ்சுகளில் உட்கார்ந்து, சத்தம் போட்டுக்கொண்டு, வயிறு முட்டச் சாப்பிட்டார்கள். எல்லா ஜன்னலும் திறந்திருந்தன. எந்த வாசனை எந்த டப்பாவிலிருந்து வருகிறது என்று யாராலும் சொல்ல முடிந்திருக்காது. மறுநாளும் அப்படியே சாப்பிட்டார்கள் என்பதுதான் எனக்கு அதைவிடப் பெரிய விஷயமாகப் படுகிறது.

எல்லாமே ஒரே நாளில் சரியாகிவிட்டது என்று சொன்னால் அக்காவே என்னைத் திட்டுவார். சில நாள் பட்டன் பாதி டப்பாவைத் திருப்பிக் கொண்டு வந்தாள். அந்தப் பாதியைக் கழுவாமல் கொண்டு வர வேண்டும் என்பது வீட்டில் புதிய சட்டம். சுவரிலிருந்து சான்றிதழ் இறங்கியது. சைக்கிள் ஷெட் நாய் இளைத்துவிட்டதாகவும், யார் மணி அடித்தாலும் ஹால் வாசலில் வந்து குற்றம் சாட்டுகிற மாதிரி நிற்பதாகவும் கேள்வி. அளவு நோட்டின் கடைசியில் அக்கா புதிதாக ஒரு பக்கம் திறந்திருந்தார். மேலே பெயர் எழுதவில்லை, நாலு துளை உள்ள ஒரு பட்டனை மட்டும் வரைந்திருந்தார். மாதத்துக்கு ஒரு முறை, வேண்டாம் வேண்டாம் என்று அவள் கத்தினாலும், டேப் எடுத்தார்.

மழை விட்டு வெயில் காய்ந்த ஒரு காலை. கடையில் நாலு பேர் வரிசையில் நின்றிருந்தார்கள், தபால்காரர் உட்பட. பட்டன் யூனிஃபார்மைப் போட்டுக்கொண்டு திரையிலிருந்து வெளியே வந்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நெளிந்தாள்.

"அம்மா, பிரிச்சு விடு. இடுப்புல புடிக்குது."

அக்கா தலையைத் தூக்கவில்லை. மிஷின் ஓடிக்கொண்டிருந்த சத்தம் மட்டும் நின்றது.

"வரிசையில வா," என்றார். "உனக்கு முன்னாடி நாலு பேர் இருக்காங்க."

சொல்லிவிட்டு, நாலு பேரையும் அப்படியே நிற்க வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, தையல் பிரிக்கும் பிளேடை எடுத்தார்.